காது வலிக்குத் தொண்டையை ஏன் பார்க்கிறார்கள்?

வாசகர் ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருந்தார். ஒரு மாதமாக வலது காதில் வலி. ஈஎன்டி டாக்டரிடம் போயிருக்கிறார். அவர் காதுக்குள் அரை நிமிடம் விளக்கடித்துப் பார்த்துவிட்டு "காது நல்லா இருக்கு" என்று சொல்லி, அடுத்து மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டுத் தொண்டையைத்தான் ஐந்து நிமிடம் பார்த்தாராம். அங்கேயும் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "வலிப்பது காது, பார்ப்பது தொண்டை, இதற்கு ஒரு பில் வேறு" என்று முடித்திருக்கிறார் வாசகர்.

அந்த டாக்டர் செய்தது சரி. அவர் தேடியது தொண்டைப் புற்றுநோயை. அது இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த ஐந்து நிமிடம். காதுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம் என்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு முன் குரலைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

முதலில் ஒரு விஷயம். தொண்டைப் புற்றுநோய் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் நாலைந்து இடங்களில் வரும் நோய். டான்சில், நாக்கின் அடிப்பகுதி, குரல்வளை, குரல்வளைக்குப் பின்னால் உணவு இறங்கும் பாதை என்று எல்லாமே ஒரு சாண் நீளத்துக்குள் அடங்கிவிடும். பெரும்பாலும் இந்தப் பகுதியின் உள்தோல் செல்கள்தான் கட்டுமீறி வளர்கின்றன. காரணங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: புகையிலை, மது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். டான்சிலிலும் நாக்கின் அடியிலும் வருவதற்கு எச்பிவி என்ற வைரஸும் ஒரு முக்கியக் காரணம், ஆகவே "நான் சிகரெட்டே தொட்டதில்லை" என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. இந்த வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது.

செல்லில் நடப்பது எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் நமக்குத் தெரிய வரும் விதம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு சென்டிமீட்டர் தள்ளி முளைத்தால் மாதக்கணக்கில் சத்தமே இல்லாமல் வளரும், குரல் நாணின் மேலேயே முளைத்தால் கடுகளவு இருக்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும். எப்படி?

குரல் நாண் என்றதும் வீணைத் தந்தி மாதிரி இரண்டு கம்பிகள் நினைவுக்கு வரும். அப்படி இல்லை. இரண்டு மடிப்புகள் அவை. பெரியவர்களுக்கே ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான் நீளம். மூச்சு விடும்போது இரண்டும் விலகி நிற்கும், பேச நினைத்ததும் ஒட்டிக்கொள்ளும். நுரையீரலிலிருந்து வரும் காற்று கீழே முட்டி, அழுத்தம் ஏறி, மடிப்புகளைப் பிரித்துக்கொண்டு வெளியே பாயும், பாய்ந்ததும் மடிப்புகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆணுக்கு இது நொடிக்குச் சுமார் 110 தடவை, பெண்ணுக்குச் சுமார் 200 தடவை. ஒரு பெண் விடாமல் ஒரு மணி நேரம் பேசினால் 7 லட்சத்து 20 ஆயிரம் தடவை இந்த இரண்டு மடிப்புகளும் மோதிப் பிரிகின்றன. உள்ளங்கையை இப்படித் தட்டினால் தோல் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஒவ்வொரு அதிர்வுக்கும் மூளை தனித்தனியாகக் கட்டளை அனுப்புகிறது என்று 1950 வாக்கில்கூட வாதிட்டவர்கள் உண்டு. அப்படி அனுப்புவதில்லை. மூளை செய்வது மடிப்புகளைச் சேர்த்து, இழுத்துப் பிடித்து வைப்பது மட்டும். மற்றதைக் காற்று பார்த்துக்கொள்கிறது. இது எப்படிச் சாத்தியம் என்பதற்கான விடை குரல் நாணின் அடுக்குகளில் இருக்கிறது. உள்ளே தசை. அதன் மேல் உறுதியான நார் அடுக்கு. அதற்கும் மேலே ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத, தளதளவென்று ஜெல்லி போன்ற ஓர் அடுக்கு, கடைசியாக அதைப் போர்த்திய மெல்லிய தோல். ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1970களில் இதைத்தான் "உடல், போர்வை" என்று பிரித்துக் காட்டினார். உள்ளே இருக்கும் உடல் விறைப்பாக நிற்க, மேலே இருக்கும் போர்வை அதன் மீது வழுக்கிக்கொண்டு அலையாக ஓடுகிறது. காற்று வரும்போது மடிப்பின் கீழ் விளிம்பு முதலில் திறக்கும், மேல் விளிம்பு ஒரு கணம் தாமதித்துத் திறக்கும். மூடும்போதும் கீழ்தான் முதல். கீழிருந்து மேலாக ஓடும் இந்த அலைதான் காற்றின் சக்தியை வாங்கி அதிர்வை நிற்காமல் ஓட்டுகிறது. நாம் கேட்கும் தெளிவான குரல் என்பது, இரண்டு பக்கமும் இந்த அலை ஒன்றுபோல ஓடி, நடுவில் சந்து விடாமல் மூடிக்கொள்வதன் பலன்.

இப்போது ஒரு பக்கத்தில், போர்வையின் விளிம்பில், ஒரு மில்லிமீட்டர் பருமனுக்குப் புற்றுத் திசு முளைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று காரியம் ஒன்றாக நடக்கும். அந்தப் புடைப்பு இடையில் நிற்பதால் மடிப்புகள் முழுசாக மூடாது, சந்து வழியாகக் காற்று கசிந்து குரலில் மூச்சு கலக்கும். அந்தப் பக்கம் கனம் கூடிவிட்டதால் இரண்டு பக்கமும் ஒரே தாளத்தில் ஆடாது. மிருதங்கத் தோலின் மேல் கொஞ்சம் பசை கூடினாலே சுருதி மாறிவிடும் அல்லவா, அந்த மாதிரி. மூன்றாவது, புற்று ஜெல்லி அடுக்கைத் துளைத்து உள்ளே இறங்கினால் போர்வையை உடலோடு ஆணி அடித்தது போல ஆகிவிடும். அந்த இடத்தில் அலை நின்றுவிடும். விளைவு, குரல் கரகரக்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, கரகரப்பு மட்டும். தோலிலோ குடலிலோ இதே ஒரு மில்லிமீட்டர் முளைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? உடலிலேயே இவ்வளவு சின்னப் புற்றை நம் காதாலேயே கேட்க முடிகிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

நொடிக்கு 200 தடவை ஓடும் அலையை டாக்டர் எப்படிப் பார்ப்பார் என்று கேட்கலாம். வேகமாகச் சுற்றும் ஃபேன் றெக்கை சில விளக்கு வெளிச்சத்தில் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். அதே தந்திரம்தான். குரல் 200 தடவை அதிரும்போது விளக்கை நொடிக்கு 199 தடவை மின்னவிட்டால், அலை நொடிக்கு ஒரே ஒரு தடவை சாவகாசமாக அசைவது போலக் கண்ணுக்குத் தெரியும். ஸ்ட்ரோபோஸ்கோப் என்று பெயர். போன வருடம் எனக்கே ஒரு மாதம் தொண்டை கட்டிக்கொண்டு விடாததால் இந்தப் பரிசோதனைக்குப் போனேன். மரத்துப்போக அடிக்கும் ஸ்பிரே கசந்து வழிந்தது, "ஈ...ன்னு சொல்லுங்க, விடாதீங்க" என்றார் டாக்டர். திரையில் முத்து நிறத்தில் இரண்டு மடிப்புகள், ஈரமாக, கடற்பாசி மாதிரி மெதுவாக அலையடித்துக்கொண்டிருந்தன. பயத்தில் போனவன் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வெறும் வீக்கம், கத்திப் பேசியதால் வந்தது.

குரல் நாணை உயிருள்ள ஆளிடம் முறையாகப் பார்த்து எழுதியவர் மருத்துவர் இல்லை என்பது தெரியுமா? மானுவேல் கார்சியா, ஒரு பாட்டு வாத்தியார். தொண்டையில் சங்கீதம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, 1854ல் பல் மருத்துவரின் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டு, இன்னொரு கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தை உள்ளே திருப்பித் தன் குரல் நாணைத் தானே பார்த்தார். அடுத்த வருடம் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பதிவு செய்தார். இன்றைய நிதிக் குழு ஒன்றிடம் அவர் போயிருந்தால் "பாட்டுப் பாடுவதை ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம்" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். சும்மா தெரிந்துகொள்ளும் ஆசைக்குப் பணம் ஒதுக்க யோசிக்கிறவர்களுக்கு நான் எப்போதும் இந்த ஆளைத்தான் உதாரணம் காட்டுவேன்.

சரி, நடைமுறைக்கு வருவோம். சளி, இருமல், கத்தல் இவற்றால் வரும் கரகரப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். மூன்று வாரம் தாண்டியும் குரல் திரும்பவில்லை என்றால் தொண்டையைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர், புகைப்பவர் என்றால் தள்ளிப்போடவே கூடாது. பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வீக்கமோ, சாதாரணக் கட்டியோ, வயிற்று அமிலம் மேலே ஏறுவதோதான் காரணமாக இருக்கும். மூளையிலிருந்து மார்புக்குள் இறங்கி, அங்கிருந்து திரும்பிக் குரல் நாணுக்கு ஏறி வரும் ஒரு நரம்பு அழுத்தப்பட்டாலும் குரல் கம்மும், அதனால் சில நேரம் நுரையீரல் நோய்கூடக் குரல் வழியாகத்தான் தெரிய வருகிறது. குரல் நாணிலேயே புற்று இருந்தாலும் ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் கதிர்வீச்சாலோ லேசராலோ பத்தில் ஒன்பது பேருக்கு அந்தக் கட்டியை அடக்கிவிட முடிகிறது. அதற்குக் காரணமும் இடம்தான்: குரல் நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு, ஆகவே புற்று வெளியே தப்பிப் போக வழி தேடி வெகு நாள் அங்கேயே கிடக்கும்.

தாமதத்தின் விலைக்கு வரலாற்றில் பெரிய உதாரணம் ஜெர்மனியின் மூன்றாம் பிரெடெரிக். 1887 தொடக்கத்தில், பட்டத்து இளவரசராக இருந்தபோது குரல் கம்மியது. இடது குரல் நாணில் ஒரு சிறு கட்டி. அறுவை செய்யலாம் என்றார்கள் ஜெர்மன் மருத்துவர்கள், பிரிட்டனிலிருந்து வந்த மொரெல் மெக்கன்சி முதலில் துணுக்கு எடுத்துப் பார்க்கலாம் (பயாப்சி) என்றார். எடுத்த துணுக்கில் புற்று இல்லை என்றார் அந்தக் காலத்தின் மிகப் பெரிய நோய்க்குறியியல் அறிஞர் விர்ச்சோ. பார்த்த துணுக்கைப் பற்றி மட்டும்தான் அவரால் சொல்ல முடியும், பார்க்காத இடத்தைப் பற்றி எப்படிச் சொல்வார்? அந்த வருடம் நவம்பரில் புற்று உறுதியானது. 1888 மார்ச்சில் பேரரசராக முடிசூடியபோது கழுத்தில் துளையிட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், பேச முடியாது. 99 நாள் ஆட்சி. இதைப் படித்துவிட்டு "பயாப்சியே வேண்டாம், கத்தி பட்டால் பரவிவிடும்" என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. கத்தி பட்டதால் பரவியது என்று நம்மவர்கள் சொல்லும் கதைகளில் பெரும்பாலும் கத்தி பட்டதே பரவிய பிறகுதான். இந்த ஒரு மூடநம்பிக்கை மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு.

மற்ற இடங்களுக்குக் குரல் நாண் மாதிரி மணி கிடையாது. குரல்வளைக்கு இரு பக்கமும் உணவு வழுக்கி இறங்கும் இரண்டு பள்ளங்கள் உண்டு. அங்கே முளைத்தால் குரல் மாறாது, வழி அடைபடும் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் சோறு இறங்கத் தடுமாறும், முதலில் கெட்டியானது, அப்புறம் தண்ணீர். டான்சிலிலோ நாக்கின் அடியிலோ வந்தால், தொண்டையில் ஒன்றும் தெரியாமல், கழுத்தில் தாடைக்குக் கீழே வலியில்லாத ஒரு கட்டிதான் முதலில் கைக்குத் தட்டுப்படலாம். சளி பிடிக்கும்போது நெறி கட்டுமே, அது தொட்டால் வலிக்கும், இரண்டு மூன்று வாரத்தில் வற்றிவிடும். வலிக்காமல், கெட்டியாக, வற்றாமல் நின்றால் பார்க்க வேண்டும். எச்சிலில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ஒரே பக்கமாக விடாத தொண்டை வலி இவையும் அப்படித்தான்.

"தொண்டையில் ஏதோ உருண்டை அடைத்த மாதிரி இருக்கிறது" என்று பயப்படுபவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல். அந்த உருண்டை எச்சில் விழுங்கும்போது மட்டும் இருந்து, சாப்பிடும்போது மறைந்துபோனால் அது பெரும்பாலும் பதற்றமோ அமிலமோதான். சாப்பிடும்போதுதான் தடுக்கிறது என்றால் அது வேறு சமாசாரம்.

இனி காது. டான்சிலிலிருந்தும் நாக்கின் அடியிலிருந்தும் உணர்ச்சியைக் கொண்டுபோகும் ஒன்பதாவது மூளை நரம்புக்கு, நடுக்காதிலிருந்து வரும் ஒரு கிளை இருக்கிறது. குரல்வளையையும் அந்தப் பள்ளங்களையும் கவனிக்கும் பத்தாவது நரம்புக்கு, காதுத் துளையின் தோலிலிருந்து ஒரு கிளை. இரண்டு இடத்துச் செய்தியும் மூளைத்தண்டில் ஒரே கூட்டத்துச் செல்களிடம்தான் போய்ச் சேர்கின்றன. மாரடைப்பு வலி இடது கையில் தெரிவது போல, தொண்டையின் கூச்சலைக் கேட்ட மூளை அது காதிலிருந்து வந்ததாகக் கணக்கெழுதிவிடுகிறது. காது வலிக்கும், காதில் ஒன்றும் இருக்காது. பல்லும் தாடை மூட்டும்கூட வேறொரு நரம்பு வழியாக இதே குழப்பத்தை உண்டாக்கும், நிறையப் பேருக்குக் காரணம் அதுதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும், வாரக்கணக்கில், காது சுத்தமாக இருந்தும் வலித்தால் டாக்டர் குழாயை எடுக்காமல் விட்டால்தான் நீங்கள் கோபப்பட வேண்டும்.

இந்த இணைப்பு எதிர்த் திசையிலும் வேலை செய்யும். காது குடைந்தால் சிலருக்கு உடனே இருமல் வரும், பார்த்திருப்பீர்கள். காதுத் துளையில் குச்சி பட்டதைத் தொண்டையில் ஏதோ பட்டதாக மூளை எடுத்துக்கொள்வதால் வருவது அது. பத்தாவது நரம்பின் அந்தக் கிளைக்கு, அதை விவரித்த ஜெர்மன் உடற்கூறியலாளர் அர்னால்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.