பவளத் தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு காசு?

வீட்டில் பவளத் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களை முதலில் மிரட்டுவது விளக்கின் விலைதான். பெயர் பெற்ற இறக்குமதி எல்இடி விளக்கு ஒன்று லட்சத்தை நெருங்குகிறது. அதே அளவில், அதே நீல வெளிச்சத்தோடு, பெயர் தெரியாத விளக்கு ஒன்று அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. இரண்டின் கீழும் பவளம் வளரத்தான் செய்கிறது. அப்படியானால் மீதிக் காசு எதற்குப் போகிறது? பவளம் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்று தெரிந்தால் இதற்குப் பதில் கிடைத்துவிடும்.

பவளம் ஒரு விலங்கு. அதற்கு வாயும் உண்டு, இரை பிடிக்க உணர்கொம்புகளும் உண்டு. ஆனாலும் ஆழமில்லாத வெப்பக் கடலில் வாழும் பவளங்களில் பெரும்பாலானவை இரையை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. அவற்றின் திசுவுக்குள் ஜூசாந்தெல்லே என்ற ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் என்ற கணக்கில் இருப்பது சாதாரணம். இந்தப் பாசிகள் ஒளிச்சேர்க்கையில் தயாரிக்கும் சர்க்கரை, கிளிசரால் போன்றவற்றில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரை இந்த வழியில் வரக்கூடும். ஆக, நாம் விளக்கு வாங்குவது உள்ளே இருக்கும் அந்தப் பாசிக்காக.

அந்தப் பாசிக்குப் பிடித்த நிறம் நீலம். அதிலுள்ள பச்சையம்-ஏ 430 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகிலும், பச்சையம்-சி 450-460 அருகிலும் ஒளியை நன்றாக உறிஞ்சும். பெரிடினின் என்ற ஆரஞ்சு நிறமி 470-லிருந்து 550 வரை பார்த்துக்கொள்கிறது. இது தற்செயல் இல்லை. கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும். தெளிந்த நீரில் நெடுந்தூரம் இறங்குவது நீலம்தான். கிடைப்பதை வைத்துக் குடும்பம் நடத்தப் பழகிய உயிர் அது. பச்சையம் சிவப்பு ஒளியையும் உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் அதை நம்பி விளக்கில் சிவப்பைக் கூட்டுவதில் ஆதாயம் இல்லை. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் ஸ்டைலோபோரா என்ற கிளைப் பவளத்தை வைத்துச் சோதித்தபோது, சிவப்பு ஒளி அதன் நலனைக் குறைத்ததைத்தான் பார்த்தார்கள். செடித் தொட்டிக்கென்று விற்கும் ஊதா-சிவப்பு விளக்கைப் பவளத்துக்கு வாங்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

பாசிக்கு நீலம் போதும் என்பது நம் பணப்பைக்கு நல்ல செய்தி. ஏனென்றால் இன்று உலகில் மிக மலிவாக, மிகத் திறமையாகத் தயாராகும் ஒளிகளில் ஒன்று நீல எல்இடியின் ஒளி. 1993-ல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கிக் காட்டினார். அதற்கு அடித்தளம் போட்ட அகசாகி, அமானோ இருவரோடு சேர்ந்து 2014-ல் இயற்பியல் நோபல் பரிசும் பெற்றார். நம் வீட்டு வெள்ளை எல்இடி பல்பு அந்த நீலச் சில்லின் (ஒளி தரும் சிறு துண்டின்) மேல் பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசியதுதான். பூச்சு நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. மீதி நீலம் அப்படியே வெளியே வருகிறது. இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளை. குளிர் வெள்ளை எல்இடியின் நிறமாலையைப் பார்த்தால் 450-ல் ஒரு கூரிய முகடு நிற்கும். அதாவது பவளத்துக்கு வேண்டியது பத்து வாட் பல்பிலேயே கொஞ்சம் இருக்கிறது.

விளக்கு வாங்கும்போது இதைக் கண்ணாலேயே சோதிக்கலாம். விளக்கை அணைத்துவிட்டுத் திருப்பிப் பிடித்து, லென்ஸுக்கு உள்ளே ஒவ்வொரு சில்லாகப் பாருங்கள். மஞ்சள் பொட்டு தெரிந்தால் அது வெள்ளை எல்இடி. பொட்டு இல்லாமல் உள்ளே தங்க நிறக் கம்பியும் சிறு சதுரமும் தெளிவாகத் தெரிந்தால் அது ஒற்றை நிறச் சில். நீலமா, ஊதாவா, சிவப்பா என்று விளக்கைக் குறைந்த அளவில் எரியவிட்டால் தெரிந்துவிடும். பாதிக்கு மேல் நீலமும் (445-லிருந்து 470 வரை), மீதியில் பெரும்பகுதி வெள்ளையும், கொஞ்சம் ஊதாவும் இருந்தால் பவளத் தொட்டிக்குச் சரியான சேர்க்கை. வெள்ளை நிறைந்து நீலம் நாலைந்து மட்டும் இருந்தால், பெட்டியில் பவளப் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது மீன் தொட்டி விளக்கு.

அடுத்தது அளவு. பெட்டியில் லூமன் போட்டிருப்பார்கள், அதை மறந்துவிடலாம். லூமனும் லக்ஸும் மனிதக் கண்ணை வைத்து வகுத்த அளவுகள். நம் கண் 555 நானோமீட்டர் அருகே இருக்கும் மஞ்சள்-பச்சையில் மிகக் கூர்மை. 450-ல் அந்தக் கூர்மையில் நாலு சதவீதம்கூட இல்லை. பாசிக்கு வேண்டியது ஃபோட்டான்களின், அதாவது ஒளித்துகள்களின், எண்ணிக்கை. 400-லிருந்து 700 நானோமீட்டர் வரையிலான ஃபோட்டான்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் (துகள்களை எண்ணும் ஓர் அலகு) விழுகின்றன என்று எண்ணுவதுதான் ‘பார்’ அளவு. வெயிலில் 100 பார் என்றால் லக்ஸ் மீட்டர் சுமார் 5,400 காட்டும். அதே 100 பார் முழுக்க 450 நானோமீட்டர் நீலமாக இருந்தால் மீட்டர் காட்டுவது 700 லக்ஸ்தான். செல்போனில் லக்ஸ் ஆப் போட்டுத் தொட்டியை அளந்துவிட்டு ‘வெளிச்சம் போதவில்லை’ என்று பிரகாசத்தைக் கூட்டிக் கூட்டிப் பவளத்தை வெளுக்க வைப்பவர்கள் இந்தக் கணக்கில்தான் ஏமாறுகிறார்கள். கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் நீலம், பாசிக்கு உச்சி வெயிலாக இருக்கலாம்.

எவ்வளவு பார் வேண்டும்? திறந்த வெளியில் நண்பகல் வெயில் 2,000 வரை போகும். தொட்டிக்கு அதெல்லாம் தேவையே இல்லை. காளான் பவளம், தோல் பவளம், சோவாந்திட் போன்ற மென்மையான வகைகளுக்கு 50-லிருந்து 100 போதும். பெரிய பாலிப் (வாயும் உணர்கொம்பும் உள்ள சிறு உடல்) கொண்ட கல் பவளங்களுக்கு 150 வரை. அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களுக்குத்தான் 200-லிருந்து 350. அதற்கு மேல் கூட்டினால் பல பவளங்களில் ஒளிச்சேர்க்கையின் வேகம் ஏறுவதில்லை, நின்றுவிடுகிறது. மிஞ்சிய ஆற்றல் செல்லுக்குள் வேதிச் சிதைவை உண்டாக்கும் ஆக்ஸிஜன் வகைகளாக மாறும். நிலைமை முற்றினால் பவளம் பாசியையே வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிய நாளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

மீட்டர் இல்லாதவர்களுக்குப் பவளமே ஓரளவு சொல்லும். வெளிச்சம் குறைந்தால் பாசியும் நிறமியும் கூடி, பவளம் அடர்பழுப்பாகும். தண்டு விளக்கை நோக்கி நீளும். அதிகமானால் மேல்பக்கம் முதலில் வெளிறும். பாலிப் சுருங்கியே இருக்கும். வெளிறுவதைப் ‘புது நிறம் வருகிறது’ என்று சந்தோஷப்படுவது இந்தப் பொழுதுபோக்கில் அடிக்கடி நடக்கிற கூத்து.

இப்போது ஒரு கணக்கு. நம் ஊரில் அதிகம் விற்கும் இரண்டடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம்: நீளம் 60 செ.மீ., அகலம் 45 செ.மீ. பரப்பு 0.27 சதுர மீட்டர். சராசரியாக 100 பார் வேண்டுமென்றால் விநாடிக்கு 27 மைக்ரோமோல் ஃபோட்டான் பவளத்தின் மேல் விழ வேண்டும். 450 நானோமீட்டரில் ஒரு ஜூல் ஒளியில் சுமார் 3.8 மைக்ரோமோல் இருக்கிறது. மின்சாரத்தை ஒளியாக்குவதில் ஏற்படும் இழப்பு, டிரைவரின் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதியின்) இழப்பு எல்லாம் கழித்து, மலிவு விளக்கு ஒரு ஜூல் மின்சாரத்துக்கு 1.5 மைக்ரோமோல் தருகிறது என்று வைப்போம். அதிலும் பாதி பக்கவாட்டில் சிந்தி, நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்து வீணாகட்டும். மிஞ்சுவது 0.75. இருபத்தேழை 0.75-ஆல் வகுத்தால் விநாடிக்கு 36 ஜூல். அவ்வளவுதான், 36 வாட்! கிளைப் பவளத்துக்கு 300 பார் கேட்டாலும் 108 வாட். இது தோராயக் கணக்கு. ஆனாலும் இருநூறு வாட் விளக்கை இரண்டடித் தொட்டிக்குத் தள்ளிவிடப் பார்க்கும் கடைக்காரரிடம் நின்று பேச இது போதும்.

இங்கே வாட் என்பது சுவரிலிருந்து உண்மையில் இழுக்கும் வாட். ‘165 வாட்’ என்று போட்டிருக்கும் கறுப்புப் பெட்டி விளக்குகளில் 3 வாட் சில் 55 இருக்கும், பெருக்கி எழுதிவிடுகிறார்கள். அந்தச் சில்களை முழு அளவில் ஓட்டுவதில்லை என்பதால் வாட் மீட்டரில் செருகிப் பார்த்தால் அதைவிட நன்றாகக் குறைவாகவே காட்டும். ஏமாற்று என்று கோபப்பட வேண்டாம். குறைவாக ஓட்டும் சில் குறைந்த சூட்டில், அதிகத் திறனோடு, நீண்ட நாள் எரியும்.

சராசரி 100 என்றேன். மலிவு விளக்கு சறுக்குவது இந்த இடத்தில்தான். குறுகிய கோண லென்ஸ் போட்ட ஒற்றை விளக்கு நடுவில் 250 கொடுத்துவிட்டு மூலையில் 30 கொடுக்கும். சராசரி சரியாக இருந்தும் நடுப் பவளம் வெளுக்கும், ஓரப் பவளம் வாடும். இதற்குக் காசு செலவழிக்காமலே வழி உண்டு. விளக்கை நீர்மட்டத்திலிருந்து 25-30 செ.மீ. உயரத்தில் தொங்கவிடுங்கள், 90 டிகிரிக்குக் குறையாத லென்ஸ் பாருங்கள். ஒரு பெரிய விளக்கைவிட இரண்டு சிறியவை மேல்: ஒன்றின் நிழலை மற்றது நிரப்பும், ஒன்று கெட்டாலும் தொட்டி இருட்டாகாது. ஆழமான தொட்டிக்கு ‘ஊடுருவும்’ விளக்கு வேண்டும் என்று சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 45 செ.மீ. தெளிந்த நீர் உறிஞ்சும் நீலம் மிகச் சொற்பம். கீழே போகப் போகப் பார் குறைவதற்குக் காரணம் ஒளி விரிவதுதான். அதிலும் ஒரு பங்கைக் கண்ணாடிச் சுவர்கள் உள்ளே திருப்பிவிடுகின்றன.

பவளம் இருட்டறையில் மினுங்குவது போலத் தெரிகிறதே, அதற்குத்தானே விலை அதிகம் என்று கேட்பார்கள். அந்த மினுக்கம் பவளத்தின் உடலிலுள்ள ஒளிர்புரதங்களின் வேலை. நீலத்தையோ ஊதாவையோ வாங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பிக் கொடுக்கின்றன. 1999-ல் ரஷ்ய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து, இன்று செல் உயிரியல் கூடங்களில் எல்லாம் புழங்கும் சிவப்பு ஒளிர்புரதம், நாம் தொட்டியில் வைக்கும் காளான் பவளமான டிஸ்கோசோமாவில் இருந்து வந்தது. மினுக்கத்தைப் பார்க்க வெள்ளையைக் குறைத்து நீலத்தை எரியவிட்டால் போதும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மலிவு விளக்கிலும் அது உண்டு.

விலை உயர்ந்த விளக்கில் உண்மையிலேயே கூடுதலாகக் கிடைப்பது சீரான ஒளிப்பரவல், சத்தமில்லாத விசிறி, நல்ல டிரைவர், சூரிய உதயத்தையும் மேகத்தையும் நடிக்கும் செல்போன் ஆப். முதல் மூன்றுக்கு மதிப்பு உண்டு. நாலாவது நமக்காக, பவளத்துக்கு 200 ரூபாய் டைமரே போதும். மலிவு விளக்கில் முதலில் சாவது விசிறியும் டிரைவரும்தான், சில் அல்ல. உப்பு படிந்து விசிறி இறுகும். சூட்டில் டிரைவர் போகும். மாதம் ஒருமுறை உப்பைத் துடைப்பது, எர்த் கம்பி உள்ள மூன்று முள் பிளக், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர் ஆகிய மூன்றிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். உப்புத் தண்ணீரும் மின்சாரமும் அடுத்தடுத்து இருக்கும் இடம் அது.

மின் கட்டணத்தையும் பார்த்துவிடுவோம். 36 வாட் விளக்கு தினம் பத்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் சுமார் 22 யூனிட். இதே தொட்டிக்கு முன்பு போட்ட 150 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு 90 யூனிட் இழுக்கும். அதோடு அகச்சிவப்பைத் தண்ணீருக்குள்ளேயே கொட்டும். சென்னை, மதுரை வெயிலில் அந்தச் சூட்டைத் தணிக்கச் சில்லர் தனியாக ஓட வேண்டும். எல்இடியின் சூடு பெரும்பாலும் மேலே அலுமினியத் தகட்டின் வழியாகப் போய்விடும்.

எந்தப் பவளத்துக்கு விளக்கு என்பதில் சட்டமும் இருக்கிறது. கல் பவளங்கள் 2001-லிருந்து இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பாறையிலிருந்து ஒரு துண்டு உடைத்து வந்தாலும் அது வேட்டைக் குற்றம். விற்பவர் எங்கிருந்து வாங்கினார், ஆவணம் இருக்கிறதா என்று விளக்குக்கு முன்னால் கேளுங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்குக் காளானும் தோல் பவளமுமே தாராளம். 36 வாட் கணக்கும் அவற்றுக்கானதுதான்.

புது விளக்கை முதல் நாளே முழு அளவில் எரிக்காதீர்கள். பாசி தன் நிறமியைச் சரிசெய்துகொள்ள வாரக்கணக்கில் எடுக்கும். 30 சதவீதத்தில், ஆறு மணி நேரத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து சதவீதம், அரை மணி என்று ஏற்றுங்கள். பவளம் வெளிறத் தொடங்கினால் முந்தைய வாரத்து அளவுக்கு இறக்கி, பாலிப் மறுபடி முழுதாக விரியும் வரை அங்கேயே நிறுத்துங்கள்.