தேளோட கையில 48 முடி

"கருந்தேள், செந்தேள், நட்டுவாக்காலி, இதுக்கு மேல தேள்ல புதுசா என்ன சார் இருக்கப்போகுது?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனா உலகத்துல பேர் வச்ச தேளே 2500க்கு மேல இருக்கு, இன்னும் புதுசு வந்துட்டேதான் இருக்கு. புதுசுன்னா நேத்து பொறந்ததில்ல, அது பாட்டுக்கு காலங்காலமா அங்கேயே கெடந்திருக்கு, நம்ம கண்ணுல இப்பதான் படுது.

கலிஃபோர்னியா கதைய கேளுங்க. மொஹாவி பாலைவனத்துல கோயன் லேக்னு ஒரு ஏரி, ஏரின்னு பேரு, வருஷத்துல பாதி நாளுக்கு மேல வெறும் உப்புத்தரைதான். அங்க எடுத்த ஒரு தேள் போட்டோவ 2013ல யாரோ ஐநேச்சுரலிஸ்ட் தளத்துல (பாத்த உயிரினத்த போட்டோ போட்டு அது என்னன்னு கேக்கற தளம்) போட்டுட்டு போயிட்டாங்க. என்ன தேள்னு ஒருத்தரும் சொல்லல, ஆறு வருஷம் அப்படியே கெடந்துச்சு. 2019ல ப்ரக்ரித் ஜெயின், ஹார்ப்பர் ஃபோர்ப்ஸ்னு ரெண்டு ஸ்கூல் பசங்க கண்ணுல அது மாட்டுச்சு. அவங்களுக்கும் உடனே புரியல. பாருரோக்டோனஸ்ங்கற தேள் பேரினத்த (நெருங்கின இனங்க சேர்ந்த ஒரு குழு) ரெண்டு வருஷம் உக்காந்து படிச்சுட்டு திரும்ப வந்து பாத்தா, அட, இதுக்கு இன்னும் பேரே வைக்கலயே! கொஞ்ச நாள்லயே சோடா லேக்னு வேற ஒரு உப்பு ஏரியிலருந்து வந்த போட்டோவுலயும் அதே கதை.

அடுத்த ஸ்டெப், ராத்திரி யூவி (புறஊதா) லைட்ட எடுத்துட்டு போய் தேட வேண்டியது. தேளோட மேல்தோல்ல இருக்கற சில ரசாயனங்கள் புறஊதா ஒளிய வாங்கி பச்சையா திருப்பி விடும் (புதுசா தோல் உரிச்ச தேள் மட்டும் மின்னாது, தோல் கெட்டியானாதான்). நானும் ஒரு தடவ கள்ளநோட்டு பாக்கற டார்ச்ச தூக்கிட்டு ஊர்ல கல்லுக்குவியல் பக்கம் போனேன். காலுக்கு ஒரு அடி தள்ளி பச்சையா ஒண்ணு மின்னுச்சு பாருங்க, டார்ச்ச அங்கேயே போட்டுட்டு வந்துட்டேன்.

சரி, பிடிச்சாச்சு. இது புது இனம்னு எப்படி சொல்றது? கலர வச்சு சொல்ல முடியாது, சைஸ வச்சும் முடியாது. இங்கதான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் வருது. தேளோட கிடுக்கி இருக்கற முன்கையில மெல்லிசா சில முடி இருக்கும், ட்ரைக்கோபோத்ரியான்னு பேரு. சாதா முடி மாதிரி தோல்லேருந்து நேரா முளைக்காது, ஒவ்வொண்ணும் ஒரு குட்டி கிண்ணக்குழிக்குள்ள தொளதொளன்னு நிக்கும். லேசா காத்து அசைஞ்சா போதும், ஆடும். அதுவும் எல்லா பக்கமும் ஆடாது, ஒவ்வொரு முடிக்கும் ஆடறதுக்குன்னு ஒரு திசை, இது முன்ன பின்ன ஆடினா பக்கத்துல இருக்கறது இடம் வலமா ஆடும். அதனால எந்த முடி எவ்ளோ ஆடுதுன்னு வச்சே, பூச்சி எந்தப் பக்கம் பறக்குதுன்னு தேளுக்கு தெரிஞ்சுடும். கண்ணு சுமார்தான், கையாலேயே பாக்குது!

இந்த முடிங்க இஷ்டத்துக்கு முளைக்கறதும் இல்ல. பாரிஸ் மியூசியத்துல வேல பாத்த தேள் ஆராய்ச்சியாளர் மாக்ஸ் வஷோன் 1974ல இதுக்கு ஒரு கணக்கே போட்டு குடுத்தார். பாருரோக்டோனஸ் சேர்ந்த வகைக்கு ஒரு கையில அடிப்படையா 48: தொடைன்னு சொல்ற கணுவுல 3, அடுத்த கணுவுல 19, கிடுக்கியில 26. செந்தேள் இருக்கற குடும்பத்துக்கு கணக்கே வேற, 39. முடி உதிர்ந்தாலும் குழி அப்படியே இருக்கும், அதனால மியூசியத்துல சாராயத்துல ஊறின பழைய தேளையும் மைக்ராஸ்கோப்ல வச்சு எண்ணலாம். எண்ணிக்கை எந்தப் பெரிய பிரிவுன்னு காட்டிக் குடுக்கும், அதுக்குள்ள எந்த இனம்னு பிரிக்க குழி எங்க இருக்கு, வயித்துக்கு அடியில இருக்கற சீப்பு மாதிரி உறுப்புல எத்தன பல்லு, கிடுக்கி எவ்ளோ குண்டுன்னு ஒண்ணு ஒண்ணா அளக்கணும். இவ்ளோ வேலைக்கும் அப்பறம்தான், அந்த ரெண்டு பசங்களும் கலிஃபோர்னியா அறிவியல் அகாடமியோட தேள் ஆராய்ச்சியாளர் லாரன் எஸ்பொசிட்டோவும் சேர்ந்து, 2022ல ஜூகீஸ் இதழ்ல ரெண்டு புது இனத்த அறிவிச்சாங்க.

முடி எண்ணற வேலைக்கு காசு குடுங்கன்னு கேட்டா எந்த கமிட்டியிலயும் சிரிப்பாங்க, ராக்கெட்டுன்னா மட்டும் போட்டோவுக்கு நிப்பாங்க. ஆனா நம்ம ஊர்ல தேள்கடிக்கு மந்திரிக்கறவர் பொழப்பு ஓடறதே வகை பிரிக்கத் தெரியாததாலதான். நட்டுவாக்காலி கொட்டினா பெரும்பாலும் வலியோட போயிடும், மந்திரத்துக்கு பேர் வந்துடும். செந்தேள் கொட்டினா ஹார்ட்டையே பாதிக்கும், அங்க மந்திரம் எடுபடாது, நேரா ஆஸ்பத்திரிதான்.

அந்த ரெண்டுல ஒண்ணுக்கு சோடா ஏரி பேரையே வச்சு பாருரோக்டோனஸ் சோடான்னு சொல்லிட்டாங்க. கோயன் லேக் தேளுக்கு வச்சது பாருரோக்டோனஸ் கான்க்ளூசஸ், லத்தீன்ல அடைபட்டதுன்னு அர்த்தம். அது வாழற மொத்த இடமே ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துல ஒரு பட்டை, சில இடத்துல அகலம் சில அடிதான். சோடா தேளுக்கு கவலையில்ல, அது இருக்கறது அரசு பாதுகாக்கற காரிசோ ப்ளெய்ன் பகுதிக்குள்ள. கான்க்ளூசஸுக்கு அப்படி ஒரு வேலியும் கிடையாது, அந்தப் பட்டையில ஒரே ஒரு சோலார் பண்ணை வந்தா மொத்த இனமும் காலி.