எண்ணிக்கை இருந்தால் போதாது, ஓட்டமும் வேண்டும்

விந்துப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கியதும் எல்லோருடைய கண்ணும் விந்தணுக்களின் எண்ணிக்கையில்தான் போய் நிற்கிறது. கடலூரில் என்னிடம் வரும் கணவர்கள் பலர், "கவுன்ட் நன்றாக இருக்கிறது டாக்டர், குறை அவளிடம்தான்" என்று முடிவுகட்டிக்கொண்டே வருகிறார்கள். கூட வந்த மாமியாரும் தலையாட்டுவார். அந்தப் பெண் வாய் திறக்க மாட்டாள். எத்தனை சதவீதம் அணுக்கள் முன்னோக்கி நீந்துகின்றன என்ற வரியை அவர்களில் ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள்.

ஒரு சொட்டை 37 டிகிரி சூட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் விஷயம் விளங்கும். சில அணுக்கள் நேராகப் பாய்ந்து பார்வையைத் தாண்டிப் போய்விடும். சில வட்டமடித்துக்கொண்டே இருக்கும். சில, தலை மட்டும் துடிக்க, கிடந்த இடத்திலேயே கிடக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு, முன்னோக்கி நீந்துபவற்றுக்கு 30 சதவீதத்தைக் கீழ்வரம்பாக வைத்திருக்கிறது. அதற்குக் குறைந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை; வாய்ப்பு குறையும்.

முட்டையை எட்டிவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. முட்டையைச் சுற்றி சோனா பெல்லுசிடா என்ற தடித்த உறை இருக்கிறது. அணுவின் தலையிலுள்ள நொதிகளே அதைக் கரைத்து வழிசெய்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். வால் உந்தித் தள்ளாமல் அது நடக்காது. கருக்குழாய்க்குள் வந்தபின் வாலின் அசைவே மாறிவிடுகிறது. அதுவரை சீராக நெளிந்த வால், சாட்டையைச் சொடுக்குவதுபோல் ஒரு பக்கமாக அகல வளைந்து அடிக்கத் தொடங்கும். வாலுக்குள் கால்சியம் புகுவதுதான் காரணம். அதை உள்ளே விடும் கேட்ஸ்பெர் என்ற புரதம் 2001இல் கண்டறியப்பட்டது. அந்த மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளின் அணுக்கள் மெதுவாகவேனும் நீந்தின. உறையைத்தான் துளைக்க முடியவில்லை. உறையை அகற்றிய முட்டையோடு சேர்த்தபோது கருத்தரிப்பு நடந்தது!

இந்தச் சாட்டையடியை வழக்கமான பரிசோதனை அளப்பதில்லை. எல்லாம் சரியாக இருந்தும் கரு தங்காத சில தம்பதிகளுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஓர் அணுவை ஊசியால் நேரடியாக முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் உறையைத் துளைக்கும் வேலையே அணுவுக்கு இல்லை.

ஓட்டம் குறையப் பல காரணங்கள் உண்டு: புகை, விதைப்பை இரத்தநாளச் சுருட்டல், கடும் காய்ச்சல், கொதிகலன் அருகே நாள் முழுதும் நிற்கும் வேலை. விதைகளுக்கு உடம்பைவிடச் சற்றுக் குறைந்த சூடே ஏற்றது. சுவரொட்டியில் பார்த்த லேகியத்துக்குக் கடன் வாங்கிச் செலவழித்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்தப் பணத்தில் ஒழுங்கான பரிசோதனையை இரண்டு முறை செய்திருக்கலாம். ஓர் அணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். எனவே பழக்கத்தை மாற்றியோ சிகிச்சை எடுத்தோ மூன்று மாதம் கழித்துத்தான் பலனைப் பார்க்க வேண்டும்.

பண்ருட்டிப் பக்கமிருந்து வீட்டிலேயே சாம்பிள் எடுத்து, ஐஸ் வைத்த டப்பாவில் பஸ்ஸில் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். குளிரில் அணுக்களின் ஓட்டம் அடங்கிவிடும். அறிக்கை பொய்யாகக் குறைத்துக் காட்டும். கூடுமானவரை ஆய்வகத்திலேயே கொடுங்கள். முடியாவிட்டால், ஆய்வகம் தந்த குப்பியில் சோப்பு, எண்ணெய் படாமல் எடுத்து, உடம்புச் சூட்டோடு சட்டைக்குள் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.