விளைவித்தவருக்கு உரிமம் வேண்டுமா? உணவுப் பாதுகாப்புச் சட்டமும் சிறு விவசாயியும்

தன் தோட்டத்தில் பறித்த கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் தானே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்பு உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். இது தெரியாமல் யாரோ மிரட்டியதை நம்பிச் சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். இதையே அளவுக்கு மீறி நம்பி, "நான் விவசாயி, என்னை யார் கேட்பது" என்று எண்ணெயும் மஞ்சள்தூளும் விற்று நோட்டீஸ் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாரும் ஏமாறுவது ஒரே சட்டப்பிரிவைச் சுற்றித்தான்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது; அதன் விதிகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ளன. வரலாறு இவ்வளவு போதும். நமக்கு வேண்டியது 18ஆவது பிரிவின் 3ஆம் உட்பிரிவு. விவசாயிக்கும் மீனவருக்கும், விவசாய வேலைகளுக்கும், பயிருக்கும் கால்நடைக்கும், விவசாயி பண்ணை அளவில் விளைவித்த பொருளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று அது சொல்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கள ஆய்வுக்கு வருபவர் எல்லோரும் அதைப் படித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

அந்த விலக்கு எங்கே முடிகிறது என்பதில்தான் சிக்கல். "பண்ணை அளவில்" என்ற சொல்லுக்கு எல்லை வரையப்படவில்லை. காய்கறியைக் கழுவிக் கூடையில் அடுக்குவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதே முருங்கைக்கீரையைக் காயவைத்துப் பொடியாக்கிப் பாக்கெட்டில் அடைத்த நிமிடம் நீங்கள் உணவு வணிகர் ஆகிவிடுகிறீர்கள். நிலம் அரை ஏக்கரா ஐம்பது ஏக்கரா என்பது கணக்கில்லை. பொருள் விளைந்த நிலையிலேயே கைமாறுகிறதா, உருமாறிய பிறகு கைமாறுகிறதா என்பதே கணக்கு.

இன்னொரு எல்லை இதைவிட எளிதாகக் காலை வாரிவிடும். சட்டம் "முதன்மை உணவு" என்று ஒன்றை வரையறுக்கிறது: விளைந்த நிலையிலேயே இருந்தாலும், விவசாயி அல்லாத ஒருவரின் கையில் இருக்கும் விளைபொருள் அது. உங்கள் தக்காளியோடு பக்கத்துத் தோட்டத்துத் தக்காளியையும் விலைக்கு வாங்கி ஒரே வண்டியில் ஏற்றினால், பக்கத்துத் தோட்டத்துச் சரக்கைப் பொறுத்தவரை நீங்கள் வியாபாரி. நாலு பேர் சேர்ந்து விற்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவரவர் சரக்கு அவரவர் பெயரில் விற்கப்படுகிறதா, ஒருவர் வாங்கி விற்கிறாரா என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி விற்பவர் பதிவு பெற்றாக வேண்டும்.

விவசாயி என்பதை எப்படி நிரூபிப்பது? 18ஆவது பிரிவு பட்டாவைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் அலுவலகத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி, சிட்டா எங்கே என்பதுதான். குத்தகைக்கு உழுபவருக்கும், கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ நிலம் இருக்கும் பெண்ணுக்கும், மாடித்தோட்டம் வைத்திருப்பவருக்கும் அவர்கள் பெயரில் சிட்டா கிடையாது. உழவர் சந்தை அடையாள அட்டை வாங்க முடிந்தவர்கள் அதை வாங்கிவிடுவது நல்லது, ஏனெனில் நிலத்தையும் பயிரையும் பார்த்துக் கொடுக்கப்படும் அரசு ஆவணம் அது. மற்றவர்கள் சாகுபடி விவரம் உள்ள அடங்கல் நகலையோ, கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்றையோ கையில் வைத்திருக்க வேண்டும். மாடித்தோட்டக்காரர் மிஞ்சிய கீரையைத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுப்பதை இதுவரை யாரும் தொந்தரவு செய்ததாக நான் அறியவில்லை. அவர்களுக்குத் தொல்லை தொடங்குவது ஊறுகாயிலும் தொக்கிலும்தான்.

எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மிகுதியான பேர் அடிபடுவது இதில்தான். சொந்த நிலக்கடலையை மரச்செக்கில் கொடுத்து ஆட்டி, தகரத்தில் கொண்டுவந்து, லிட்டர் கணக்கில் சில்லறையாக ஊற்றிக் கொடுப்பது நம் ஊர்களில் காலங்காலமாக நடப்பது. ஆனால் சமையல் எண்ணெயை அடைக்காமலும் லேபிள் ஒட்டாமலும் விற்பதை 2011ஆம் ஆண்டு விதிமுறைகள் தடை செய்கின்றன. பொதுநலன் கருதி மாநில அரசு விலக்களித்தால் மட்டுமே சில்லறையாக விற்கலாம். எண்ணெய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்தத் தடைக்கு அது பதிலாகாது. வாரச்சந்தையில் கடலை எண்ணெய் விற்ற ஒரு அம்மா, குடிதண்ணீர் வரும் பழைய பாட்டில்களைக் கழுவி அவற்றில் எண்ணெயை நிரப்பி வைத்திருந்தார். இரண்டு பாட்டில்களில் தண்ணீர் கம்பெனியின் லேபிள் பாதி கிழிந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. மாதிரி எடுத்த அலுவலர், வேறு நிறுவனத்தின் பெயர் தாங்கிய புட்டியில் எண்ணெய் விற்கப்பட்டதாக எழுதிக்கொண்டார். எண்ணெயில் கலப்படம் இல்லை என்பது அந்த அம்மாவுக்கு உதவவில்லை. தவறான முத்திரையிட்ட உணவுக்கு 52ஆவது பிரிவின்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். புதிய புட்டியும், பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த தேதி, பதிவு எண் ஆகியவை அச்சிட்ட லேபிளும் எண்ணெய் விற்பவர் செய்தாக வேண்டிய முதல் செலவு.

லேபிள் என்றதும் இன்னொரு துறை வந்து நிற்கும். எடையளவுச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் பார்ப்பது தொழிலாளர் துறை. தராசுக்கு முத்திரை, பாக்கெட் போடுபவராகப் பதிவு என்று அங்கே தனிக் கணக்கு ஓடுகிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், தொழிலாளர் துறைக்குப் போனால் உணவுப் பாதுகாப்புப் பதிவைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். லேபிளில் "சர்க்கரை நோய் தீரும்", "புற்றுநோய் வராது" என்று எழுதுவதை அடியோடு விடுங்கள். தேனையும் சிறுதானியத்தையும் விற்கும் நல்ல மனிதர்கள் வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே லேபிளில் ஏற்றிவிடுகிறார்கள். தவறான விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகும்.

பாலில் உள்ள பொறி சிறியது, ஆனால் கூர்மையானது. பதிவு பெற்ற பால் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து, கறக்கும் பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்றுபவருக்குப் பதிவு வேண்டாம். "முழுவதையும்" என்பதைக் கவனியுங்கள். காலைப் பாலைச் சங்கத்துக்கும் மாலைப் பாலை டீக்கடைக்கும் கொடுப்பவருக்கு இந்த விலக்கு இல்லை.

இயற்கை விவசாயிகளுக்கு 2017ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒரு சலுகை தருகின்றன. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு உற்பத்தியாளர், நுகர்வோருக்கு நேரடியாக விற்கும்போது இயற்கை விளைபொருள் என்று சொல்லச் சான்றிதழ் தேவையில்லை. கடை வழியாக விற்றால் இந்தச் சலுகை போய்விடும். சான்று பெற்ற இயற்கை உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையை, சான்று இல்லாமல் பாக்கெட்டில் போடவும் கூடாது. அச்சகத்தில் டிசைன் செய்பவர் அழகுக்காகச் சேர்த்துவிடுகிறார், மாட்டுவது விவசாயி.

பழம் பழுக்க வைப்பவர்களுக்கு ஒரு வரி: கார்பைடு கல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது, எத்திலீன் வாயுவுக்கே அனுமதி.

பதிவு தேவைப்படுபவர் என்ன செய்ய வேண்டும்? 2011 விதிமுறைகளில் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர்கள் சிறு உணவு வணிகர் என்று வகுக்கப்பட்டு, அவர்களுக்கு உரிமத்துக்குப் பதில் வெறும் பதிவு போதும் என்று வைக்கப்பட்டது. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இவ்வகை வரம்புகள் திருத்தப்படுபவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் அரசுத் தளத்தில் என்ன இருக்கிறதோ அதையே நம்புங்கள். 2020 ஜூன் முதல் தமிழ்நாட்டில் விண்ணப்பம் எல்லாம் ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற அரசு இணையதளத்தில்தான். அதைப் போலவே தோற்றம் காட்டும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கின்றன. நூறு ரூபாய் வேலைக்கு ஆயிரங்களில் கேட்டால் நீங்கள் தவறான இடத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தால் இரண்டு விஷயங்களில் கண் வையுங்கள். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையாக இருக்க வேண்டும். சென்டர்காரர் தன் எண்ணைக் கொடுத்துவிட்டால் அலுவலகம் கேட்கும் விளக்கமும் புதுப்பிப்பு நினைவூட்டலும் அவருக்குப் போகும், பதிவு காலாவதியானது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அடுத்து, தொழில்வகை. எண்ணெய் ஆட்டி விற்பவருக்குச் "சில்லறை விற்பனையாளர்" என்றும், ஊறுகாய் போடுபவருக்கு "கேட்டரிங்" என்றும் பதிந்து கொடுத்த சான்றிதழ்களைப் பார்த்திருக்கிறேன். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு முன் படித்துப் பாருங்கள்.

அலுவலகம் இழுத்தடித்தால் பயன்படும் விதி ஒன்று உண்டு. எந்த அலுவலகமும் அதைச் சுவரில் எழுதி வைப்பதில்லை. பதிவு விண்ணப்பம் கிடைத்த 7 நாட்களுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணத்தை எழுத்தில் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு நோட்டீஸ் தர வேண்டும். 7 நாட்களில் இவற்றில் எதுவும் நடக்காவிட்டாலோ, 30 நாட்களில் முடிவு தெரிவிக்கப்படாவிட்டாலோ நீங்கள் தொழிலைத் தொடங்கலாம். பிறகு சொல்லப்படும் திருத்தங்களைச் செய்தால் போதும். "சார் லீவு", "அடுத்த வாரம் வாங்க", "பஞ்சாயத்துத் தடையின்மைச் சான்று வாங்கிட்டு வாங்க" என்று வாய்வழியாகச் சொல்லப்படுபவை முடிவு ஆகா. விண்ணப்பித்த நாளும் எண்ணும் உள்ள ரசீதை அச்செடுத்து வைத்தவர்களுக்கே இந்த விதி உதவும்.

"ஆறு மாதம் உள்ளே போட்டுவிடுவேன்" என்ற மிரட்டலைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் தொழில் செய்வதற்கான 63ஆவது பிரிவு, உரிமத்திலிருந்து விலக்கப்பட்டுப் பதிவு மட்டும் தேவைப்படும் சிறு வணிகர்களுக்குப் பொருந்தாது என்று அதன் வாசகத்திலேயே இருக்கிறது. அதற்காகப் பதிவை அலட்சியம் செய்ய வேண்டாம். தனியாகத் தண்டனை சொல்லப்படாத மீறல்களுக்கு 58ஆவது பிரிவில் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது.

மாதிரி எடுக்க வந்தால் பதற்றத்தில் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எடுத்த பொருளுக்கு அலுவலர் விலை கொடுக்க வேண்டும். மாதிரியை நான்கு பாகமாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். அதில் ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புமாறு அங்கேயே கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்குரிய கட்டணம் உங்களுடையது, கேட்டதை எழுத்தில் பதியச் சொல்லுங்கள். பகுப்பாய்வாளர் அறிக்கை உங்களுக்கு எதிராக வந்தால், உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாட்களே அவகாசம், அது அறிக்கை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. பலர் அந்த அறிக்கையை நோட்டீஸ் என்று நினைத்து, விசாரணைக்கு அழைக்கட்டும் என்று காத்திருந்து, அபராத வழக்கை விசாரிக்கும் மாவட்ட வருவாய் அலுவலர் முன் நிற்கும்போதுதான் காலம் கடந்துவிட்டதைத் தெரிந்துகொள்கிறார்கள். தபால் வந்த உறையைத் தூக்கி எறியாதீர்கள், அதில் உள்ள தேதி முத்திரைதான் அந்த 30 நாட்களுக்குச் சான்று.