ஆபீஸ் ஏசி சண்டை ஏன் ஓய்வதே இல்லை?

ஒரே ஹால், ஒரே ஏசி. ஒருவர் ஸ்வெட்டருக்குள் சுருண்டு உட்கார்ந்திருக்கிறார், நாலு நாற்காலி தள்ளி இன்னொருவர் கையில் கிடைத்த ஃபைலால் விசிறிக்கொள்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

உடம்பு காற்றின் வெப்பநிலையை மட்டும் உணர்வதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கர் 1970இல் இதற்கு ஆறு காரணிகளை வைத்துக் கணக்குப் போட்டார்: காற்றின் வெப்பம், சுற்றியுள்ள பரப்புகள் வீசும் வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம், உடை, உடம்பு உற்பத்தி செய்யும் வெப்பம். வெயில் பட்ட கண்ணாடி ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தவருக்கும், ஏசி காற்று நேரே கழுத்தில் இறங்குகிற இடத்தில் இருப்பவருக்கும் டிஸ்ப்ளேயில் தெரிகிற 24 டிகிரி ஒன்றே அல்ல. எவ்வளவு சரியாக வைத்தாலும் குறைந்தது 5 சதவீதம் பேருக்குப் பிடிக்காது என்பதும் அவருடைய கணக்கிலேயே இருக்கிறது. இன்னொரு விஷயம், இந்தக் கணக்குகளில் உடம்பு உற்பத்தி செய்யும் வெப்பம் என்று வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணுடையது. பெண்களின் உடம்பு உற்பத்தி செய்யும் வெப்பத்தை இது 35 சதவீதம் வரை கூட்டிக் காட்டலாம் என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. பெண்கள் குளிருகிறது என்று சொன்னால் அதை நம்புங்கள், தயவுசெய்து.

சரி, புழுங்குகிறது, எழுந்து போய் 18இல் வைக்கிறோம், சீக்கிரம் குளிரும் என்று. சாதாரண ஏசியில் அப்படி நடக்காது. அதன் கம்ப்ரசர் ஓடும் அல்லது நிற்கும், அவ்வளவுதான். 18 என்பது எங்கே நிற்க வேண்டும் என்கிற எல்லை, வேகம் அல்ல. (இன்வெர்ட்டர் ஏசி ஓரளவு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்.) பெரிய கட்டடங்களில் மாற்றம் தெரியவே கொஞ்ச நேரம் ஆகும் என்பதால், பட்டனை அழுத்தியவர் ஒன்றும் ஆகவில்லையே என்று மறுபடி அழுத்துவார், அப்புறம் அறை தேவைக்கு மேல் குளிர்ந்துபோய், வேறு யாரோ எழுந்து வந்து 27இல் வைப்பார்.

விளக்கிலும் ஜன்னல் திரையிலும் இதே குணத்தை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். காலையில் வெயில் சாய்வாக வந்து மானிட்டரில் அடிக்கிறது, ஒருவர் ஜன்னல் திரையை இறக்குகிறார். ஒரு மணி நேரத்தில் சூரியன் நகர்ந்துவிடும், திரை நகராது. இருட்டாகிவிட்டதே என்று விளக்கைப் போடுவார்கள், வெளியே கொளுத்துகிற வெளிச்சத்தில் உள்ளே டியூப்லைட் மாலை வரை எரியும். 1970களில் பிரிட்டனில் ஹன்ட் என்பவர் செய்த ஆய்விலும் இதுதான் தெரிந்தது: உள்ளே வரும்போது இருட்டாக இருந்தால் விளக்கைப் போடுகிறார்கள், கடைசி ஆள் கிளம்பும்வரை பெரும்பாலும் அணைப்பதில்லை. தொந்தரவு வந்தால் நம் கை தானாக எழுகிறது, தொந்தரவு போனதை நாம் கவனிப்பதே இல்லை. பொதுவான சுவிட்ச் என்றால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டுமே என்ற தயக்கம் வேறு.

அதனால்தான், போடுவதை மனிதரிடமும் அணைப்பதை சென்சாரிடமும் விடுகிற அமைப்பு எனக்குப் பிடிக்கும். சென்சாருக்கும் அவகாசம் கொடுக்க வேண்டும். அது உடல் வெப்பத்தின் அசைவைத்தான் பார்க்கிறது, அசையாமல் படித்துக்கொண்டிருப்பவர் அதன் கணக்கில் இல்லை.

குளிர் தாங்காமல் மேஜைக்கு அடியில் ஒருவர் ஹீட்டர் வைக்கிறார், அறையின் வெப்பத்தை அளந்து ஏசியை ஓட்டுகிற தெர்மோஸ்டாட் அவருக்கு மேலே சுவரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அறையே சூடாகிவிட்டது என்று நினைத்து இன்னும் குளிர்காற்றைத் தள்ளும், ஹால் முழுக்க உறையும். இதைவிட ஏசியை இரண்டு டிகிரி ஏற்றி வைத்துவிட்டு, புழுங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு சின்ன மேஜை ஃபேன் கொடுப்பது எவ்வளவோ மேல். வீசும் காற்று அந்த இரண்டு டிகிரியை ஈடுகட்டிவிடும், யாரையும் கேட்காமல் அவரவரே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.