குழந்தையின் சொத்தைப் பல்லும் வீட்டின் கவலையும்

சொத்தைப் பல்லோடு ஒரு குழந்தை வரும்போது கூட வரும் அம்மா பெரும்பாலும் ஏற்கெனவே திட்டு வாங்கியிருப்பார். "சாக்லேட்டா வாங்கிக் குடுத்தே கெடுத்துட்டா" என்று மாமியார் சொல்லியிருப்பார், ஸ்கூல் மிஸ் சொல்லியிருப்பார். சில நேரம் எங்கள் துறையைச் சேர்ந்தவர்களே சொல்லியிருப்பார்கள். திருப்பூர்ப் பக்கம் குழந்தைகள் பல் மருத்துவராக வேலை செய்யும் நான், இனிப்பைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் வேறொன்று கேட்பேன்: "போன ஒரு வருஷத்துல வீட்டுல ஏதாச்சும் பெரிய மாற்றம் நடந்துச்சுங்களா?"

முதலில் ஒன்றும் இல்லை என்பார்கள். பிறகு மெல்ல வரும். தம்பிப் பாப்பா பிறந்தது, வீடு மாறியது, அப்பாவுக்கு வேலை போனது, வட்டிக்காரர் வாசலில் வந்து நின்றது, அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்ளாமல் இருப்பது. பல் சொத்தைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் என்னை வியப்போடு பார்ப்பார்கள். சம்பந்தம் இருக்கிறது.

கவலை மட்டுமே பல்லைத் துளைத்துவிடாது. வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. அமிலம் கூடக் கூட வாயின் பிஎச் என்ற அளவு இறங்கும். அது சுமார் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் கடினமான மேலோடான எனாமலில் இருக்கும் தாது கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தைக் கழுவி, கரைந்த தாதுவைத் திரும்ப ஊட்டுகிறது. இந்த மீட்சிக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். சொத்தை விழுவதும் விழாததும் கரைவது அதிகமா, மீள்வது அதிகமா என்பதைப் பொறுத்தது. மன அழுத்தம் இந்தக் கணக்கில் பல பக்கமிருந்து கைவைக்கிறது.

உடம்பு வழியாக வருவது ஒன்று. பயத்திலும் பதற்றத்திலும் வாய் உலர்வது நமக்கெல்லாம் தெரியும், குழந்தைக்கும் அப்படித்தான். அழுத்தம் நாள்கணக்கில் நீடித்தால் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுகிறது. அதை உமிழ்நீரிலேயே அளக்கலாம். கலிபோர்னியாவில் தாமஸ் பாய்ஸ், பமீலா டென்பெஸ்டன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. மழலையர் வகுப்புக் குழந்தைகளின் உமிழ்நீரில் கார்டிசாலையும் சொத்தைக் கிருமிகளையும் அளந்தார்கள். தானாக விழுந்த பால் பற்களையும் வாங்கிப் படமெடுத்துப் பார்த்தார்கள். கார்டிசால் அதிகம் சுரந்த குழந்தைகளின் பற்களில் எனாமல் மெலிந்தும் அடர்த்தி குறைந்தும் இருந்தது. கிருமியும் கார்டிசாலும் தனித்தனியாகவே சொத்தையோடு தொடர்பு காட்டின. வசதி குறைந்த, பண நெருக்கடியில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத்தான் பாதிப்பு அதிகம்.

பால் பல்லின் எனாமல் கருவிலேயே உருவாகத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு வயதுக்குள் முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்தின் காய்ச்சல், ஊட்டக்குறை, குறைப்பிரசவம் எல்லாம் அதில் பதியலாம். இதைச் சொல்வது கர்ப்ப காலத்தில் பட்ட துயரத்துக்காக எந்தத் தாயையும் குற்றவாளி ஆக்குவதற்கு இல்லை. சில குழந்தைகளின் பல் தொடக்கத்திலேயே பலவீனமானது, அதற்குக் கூடுதல் காவல் தேவை. அவ்வளவுதான்.

நான் தினமும் பார்ப்பது இன்னொரு வழி. வீட்டின் அழுத்தம் குழந்தையின் வாய்க்குப் பால் புட்டி வழியாக வந்து சேர்கிறது.

அப்பா, அம்மா இருவரும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். வீடு வந்து சேர ஒன்பது மணி ஆகிவிடும். பகலெல்லாம் குழந்தை அமுச்சியிடம், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியிடம். குடியிருப்பதோ சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடு. நடுராத்திரி குழந்தை அழுதால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள், விடிந்தால் வீட்டுக்கார அம்மா முகம் சுளிப்பார். காலையில் மறுபடி எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் சர்க்கரை போட்ட பால் புட்டிதான் எல்லோரையும் தூங்க வைக்கிறது. அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். இனிப்புப் பால் பல்லைச் சுற்றி இரவெல்லாம் தேங்கி நிற்கும்.

இது பல்லில் எழுதியிருக்கும். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பேறிக் கரைந்திருக்க, கீழ்வரிசை முன்பற்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். புட்டியைச் சப்பும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது, உமிழ்நீர் சுரந்து வரும் துளையும் அங்கேதான் இருக்கிறது. இந்த அமைப்பைப் பார்த்ததும் ராத்திரிப் புட்டி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அது ஏன் நிற்கவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

குழந்தையின் மனக்கஷ்டமும் இதோடு சேரும். தம்பிப் பாப்பா வந்த பிறகு, விட்டுவிட்ட புட்டியை மறுபடி கேட்கும். பல் துலக்க வாயைத் திறக்காது. அழுகையை நிறுத்த ஒரு பிஸ்கெட், பிரிந்து போகும்போது ஒரு மிட்டாய். சொத்தை வந்து வலித்தால் கடிக்க முடியாமல் பாலில் ஊறவைத்த ரஸ்க் மட்டும் கேட்கும், ராத்திரி தூங்காது, வீடே தூங்காது. எடை ஏறாமல் நின்றுபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். "பால் பல்லுதானுங்க, உழுந்து மொளைக்கப் போகுது" என்று தள்ளிப்போடுகிறவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது, பின்பக்கக் கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை என்பதைத்தான்.

சரி, நெருக்கடியில் இருக்கும் குடும்பம் என்ன செய்வது? எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றச் சொன்னால் ஒன்றுமே நடக்காது. முதலில் ராத்திரிப் புட்டி. அதையும் சட்டென்று பிடுங்க வேண்டாம். முதல் சில நாள் சர்க்கரையையும் சத்துப் பவுடரையும் நிறுத்துங்கள். பிறகு பாலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டு வாரத்தில் வெறும் தண்ணீருக்கு வந்துவிடலாம். புட்டியோடு போன ஆறுதலுக்கு ஈடாகத் தட்டிக் கொடுப்பதும், பக்கத்தில் படுத்துக் கதை சொல்வதும் வேண்டும்.

அடுத்தது துலக்குவது. ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான் துலக்கிவிட வேண்டும். பல்லை உறுதியாக்கும் ஃப்ளோரைடு கலந்த பேஸ்ட் மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. ட்யூபில் ஃப்ளோரைடின் அளவு 1000 பிபிஎம் (ppm) என்று இருக்கிறதா பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்க்காரர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஒன்பது மணிக்கு மேல் உங்களால் முடியாவிட்டால், சாயங்காலம் சாப்பிட்டதும் அமுச்சியே மடியில் தலையை வைத்துப் படுக்கப்போட்டுத் துலக்கிவிடட்டும். அதன்பின் தண்ணீர் மட்டும். இருமல் மருந்து, காய்ச்சல் மருந்து எல்லாம் இனிப்புச் சிரப்பாகவே வருகின்றன. கொடுத்த பிறகு ஈரத்துணியால் பல்லைத் துடைத்துவிடுங்கள்.

மாதத்துக்கு ஒருமுறை குழந்தையின் மேலுதட்டைத் தூக்கி, ஈறு ஓரத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு இருக்கிறதா பாருங்கள். சொத்தை தொடங்குவது அங்கேதான், அந்தக் கட்டத்தில் ஃப்ளோரைடு பூச்சால் பெரும்பாலும் மீட்டுவிட முடியும். குழி விழுந்த பிறகும் வழி உண்டு. வெள்ளி கலந்த ஃப்ளோரைடு மருந்தைத் தடவினால் மெஷின் சத்தமோ ஊசியோ இல்லாமல் பல சொத்தைகளை அப்படியே நிறுத்தலாம், ஆனால் அந்த இடம் கறுத்துப்போகும். முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வந்துவிடுங்கள்.

வரும்போது வீட்டு நிலைமையையும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள், முழுக் கதையும் வேண்டாம். "அப்பா வெளியூர்ல, நான் நைட் டூட்டி, பாட்டிதான் பார்த்துக்கறாங்க" என்பது போதும். அது தெரிந்தால் துலக்கும் முறையைப் பாட்டிக்குச் சொல்லிக் கொடுப்பேன். பயந்து போயிருக்கும் பிள்ளைக்கு முதல் நாளே மெஷினை எடுக்காமல் மருந்து மட்டும் தடவி அனுப்புவேன். அடுத்த தேதியை உங்கள் லீவு நாளில் போட்டுத் தருவேன்.