வழுக்கவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நார்வே வீரர் கிளேபோ செங்குத்தான மேட்டில் ஸ்கீயோடு, அதாவது பனிச்சறுக்குப் பலகையோடு, ஓடுகிற காணொளியைப் பார்த்தேன். இறக்கத்தில் அதே ஸ்கீ சர்ரென்று வழுக்கிக்கொண்டு போகிறது. ஏறும்போது மட்டும் பின்னால் வழுக்காதது எப்படி? அடியில் ஆணி ஏதாவது வைத்திருக்கிறார்களா?"

ஆணி எதுவும் இல்லை. வழவழப்பான பிளாஸ்டிக் அடிப்பாகமும் நடுவில் கொஞ்சம் மெழுகும்தான் இருக்கின்றன. ஆனால் கேள்வி அருமையானது. யோஹன்னஸ் ஹோஸ்ஃப்ளோட் கிளேபோ 2025 ட்ரொண்ட்ஹெய்ம் உலக சாம்பியன்ஷிப்பில் ஆறு போட்டிகளிலும் தங்கம் வென்றவர். அவருடைய கால்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கால்களுக்குக் கீழே நடப்பதை அதிகம் எழுதுவதில்லை. எனக்கோ அதுதான் சுவாரசியம்.

முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். கிராஸ்-கன்ட்ரி என்பது ஏற்ற இறக்கமான பனித்தடத்தில் ஸ்கீயோடு நெடுந்தூரம் ஓடும் போட்டி. அதன் உலகக் கோப்பை வழக்கமாக நவம்பர் கடைசியில் பின்லாந்தின் ரூகாவில் தொடங்கி மார்ச் வரை நடக்கும். புத்தாண்டை ஒட்டி 'டூர் டி ஸ்கீ' என்ற பல கட்டப் போட்டி வரும். அதன் முடிவில் இத்தாலியில் ஆல்பே செர்மிஸ் மலையில், நான்கு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மார்ச்சில் ஆஸ்லோவின் ஹோல்மன்கோலனில் 50 கிலோமீட்டர் ஓட்டம். வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போனால் போட்டியைத் தள்ளிவைப்பார்கள் அல்லது கைவிடுவார்கள். மழைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆக, ஒரே பருவத்தில் கல்போல் இறுகிய பனியிலும் ஓட வேண்டும், கூழாகிப்போன பனியிலும் ஓட வேண்டும்.

ஓடும் முறை இரண்டு. ஃப்ரீஸ்டைலில் கால்களைப் பக்கவாட்டில் விரித்து, ஸ்கேட்டிங் போலத் தள்ளிப் போகலாம். 1982-ல் அமெரிக்கர் பில் கோச் இப்படிப்பட்ட உத்தியோடு உலகக் கோப்பையை வென்ற பிறகுதான் அது பரவியது. கொஞ்ச காலத்தில் இரண்டு முறைகளுக்கும் தனித்தனிப் போட்டிகள் வைக்க வேண்டியதாயிற்று. கிளாசிக் முறையில் இரண்டு ஸ்கீயும் இணையான தடங்களில் நேராகவே போக வேண்டும். வாசகரின் கேள்விக்கு விடை இந்தக் கிளாசிக் ஸ்கீயில்தான் இருக்கிறது.

சரி, பனி ஏன் வழுக்குகிறது? அழுத்தம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை குறையும், அதனால் ஸ்கீயின் அடியில் பனி உருகுகிறது என்று பலரும் பள்ளியில் படித்திருப்போம். விதி சரிதான், கணக்குத்தான் இடிக்கிறது. உருகுநிலையை ஒரு டிகிரி குறைக்கவே சுமார் 135 வளிமண்டல அழுத்தம் தேவை. 75 கிலோ எடையுள்ள ஒருவர் 2 மீட்டர் நீளமும் 4.4 செ.மீ. அகலமும் உள்ள ஒற்றை ஸ்கீயில் நின்றால் கிடைப்பது ஒரு வளிமண்டலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உருகுநிலையில் ஆயிரத்தில் ஒரு டிகிரி மாற்றத்துக்கும் அது போதாது. ஸ்கீயின் முழுப்பரப்பும் பனியைத் தொடுவதில்லை, பனித்துகள்களின் முனைகளை மட்டுமே தொடுகிறது என்று வாதிடலாம். தொடும் பரப்பை நூறில் ஒன்றாக்கிப் பார்த்தாலும் ஒரு டிகிரியில் பதினாறில் ஒரு பங்குதான் தேறுகிறது. மைனஸ் 10 டிகிரியில் சறுக்குகிறவருக்கு அதனால் என்ன பயன்?

உண்மையான காரணத்தின் பெரும்பகுதி உராய்வு வெப்பம். 1939-ல் பௌடன், ஹியூஸ் என்ற இருவர் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக்கில் சோதனைகள் நடத்தி இதைக் காட்டினார்கள். நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உராய்வுக் குணகம் 0.03, வேகம் நொடிக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நமது 75 கிலோ வீரரின் காலடியில் சுமார் 130 வாட் வெப்பம் பிறக்கிறது. அத்தனையும் பனியை உருக்கவே போனாலும் நொடிக்கு 0.4 கிராம் தண்ணீர்தான் கிடைக்கும். அதை ஸ்கீ கடந்த பரப்பு முழுக்கப் பரப்பினால் தடிமன் 1.5 மைக்ரான், அதாவது தலைமுடியில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு. உண்மையில் வெப்பத்தில் நிறைய பகுதி பனிக்குள்ளும் ஸ்கீக்குள்ளும் வீணாகப் போய்விடும். இவ்வளவு மெல்லிய ஈரம்தான் ஓட்டக்காரரைத் தாங்கிக்கொண்டு போகிறது.

(உறைநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் திரவம் போன்ற ஒரு படலம் உண்டு என்று விஞ்ஞானி ஃபாரடே 1850-லேயே சொன்னார். அது உறுதிப்பட நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. "இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன லாபம்" என்ற ஒற்றைக் கேள்வியை வைத்துக்கொண்டு நிதிப் படிவங்களை நிராகரிக்கிறவர்கள் ஃபாரடேயையும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். பனியாறுகள் நகர்வதையும், பனி விழுந்த சாலையில் டயர் பிடிப்பதையும் புரிந்துகொள்ள இன்று இந்தப் படலம் வேண்டியிருக்கிறது.)

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஸ்கீ தன் வழுக்கலைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்றால், நகர்ந்தால்தான் அதற்கு வெப்பம், வெப்பம் இருந்தால்தான் ஈரம். ஸ்கீ ஒரு கணம் அசையாமல் நின்றுவிட்டால் புதிய வெப்பமும் இல்லை, புதிய ஈரமும் இல்லை. கிளாசிக் ஓட்டத்தில் ஒவ்வொரு எட்டிலும் அப்படி ஒரு கணம் இருக்கிறது. பின்காலால் உந்தும்போது அந்தக் காலின் ஸ்கீ பனியில் அசையாமல் நின்றாக வேண்டும். அது ஒரு நொடியில் சின்னப் பகுதிதான் நீடிக்கும். அதற்குள் ஸ்கீ பனியைப் பிடித்து, உந்தி, விட்டுவிட வேண்டும்.

இந்தப் பிடிப்புக்காகத்தான் ஸ்கீ வில்லைப்போல் வளைத்துச் செய்யப்படுகிறது. தரையில் வைத்தால் முனைகள் தொடும், நடுப்பகுதி தூக்கிக்கொண்டு நிற்கும். பாதத்துக்குக் கீழும் அதற்குச் சற்று முன்னாலும் இருக்கிற அந்த நடுப்பகுதியில்தான் பிடிமான மெழுகு பூசுவார்கள். சறுக்கும்போது உடல் எடை மட்டும் குதிகால் பக்கமாக இறங்குகிறது. வளைவு அதற்கு முழுசாக மடங்காது. மெழுகுக்கும் பனிக்கும் நடுவே மில்லிமீட்டரில் சில பகுதி இடைவெளி இருக்கும். முனைகளில் பூசிய வழுக்கு மெழுகு மட்டும் வேலை செய்யும். உந்தும்போது கால் தசை உடல் எடையைவிட அதிக விசையோடு கீழ்நோக்கி அழுத்துகிறது. வில் தட்டையாகிறது, மெழுகு பனியைத் தொடுகிறது.

தொட்டதும் என்ன ஆகிறது? பனித்துகள்களின் கூர்முனைகள் மெழுகுக்குள் குத்தி இறங்குகின்றன. ஆணி எங்கே என்று வாசகர் கேட்டாரே, ஆணி ஸ்கீயில் இல்லை, பனியில் இருக்கிறது! அழுத்தம் விலகியதும் வில் நிமிர்கிறது, முனைகள் மெழுகிலிருந்து பிடுங்கிக்கொள்கின்றன, ஸ்கீ மறுபடி சறுக்கத் தொடங்குகிறது. மோட்டார் இல்லை, நெம்புகோல் இல்லை. எங்கே எப்போது அழுத்துகிறோம் என்பதுதான் சுவிட்ச். கிளேபோ மேட்டில் சின்னச் சின்ன எட்டுகளாக ஓடுவது இந்தச் சுவிட்சை வேகமாகத் தட்டிக்கொண்டே இருப்பதுதான். சறுக்கலை ஏறக்குறைய விட்டுவிட்டு, ஒவ்வொரு எட்டிலும் முன்பாதத்தில் எடையை இறக்கி மெழுகை நேராகப் பனியில் பதிக்கிறார். சாய்வு கூடிய இடத்தில் சறுக்கி நீட்ட முயன்றால் வேகம் செத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

மெழுகின் மென்மையை வைத்துத்தான் எல்லாம். பனி குளிர்ந்திருந்தால் துகள்கள் கடினமாக இருக்கும், மெழுகும் கடினமாக இருக்க வேண்டும். மெழுகு மிருதுவாகிவிட்டால் குத்திய துகள்கள் வெளியே வராது. அடியில் பனி கட்டிகட்டியாக ஒட்டி, ஓடுகிறவர் உயரமாகிக்கொண்டே போவார். மெழுகு கடினமாகிவிட்டால் துகள் உள்ளே இறங்காது, பாவம், ஒவ்வொரு உந்தலிலும் கால் பின்னால் போகும். புதுப்பனிக்குக் கூர்முனைகள் அதிகம். உருகி உறைந்த பழைய பனி உருண்டையாகிவிடும். அதைப் பிடிக்கக் 'கிளிஸ்டர்' என்ற பசை வேண்டும், கையில் பட்டால் லேசில் போகாது. இயந்திரம் தூவும் செயற்கைப் பனியும் உருண்டைதான், அதில் நட்சத்திரக் கிளைகள் இல்லை. வெப்பமான குளிர்காலங்களில் கோடை முழுவதும் மரத்தூளுக்கு அடியில் பாதுகாத்த பழைய பனியைக் கொட்டித் தடம் போடும் ஊர்களும் உண்டு, சுவிட்சர்லாந்தின் டாவோஸ் அப்படி ஒன்று. அங்கே நவம்பரிலேயே பனிக்குப் 'பழைய' குணம் வந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது பூஜ்யம் டிகிரியில் விழும் புதுப்பனி. நிழலில் அது ஒட்டும், வெயிலில் வழுக்கும். அப்போது மெழுகையே விட்டுவிட்டு, அடிப்பாகத்தை உப்புத்தாளால் தேய்த்து நுண்ணிய மயிர்போல எழுப்பி ஓடுகிறவர்கள் உண்டு. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் வெயில் கொளுத்தி பனி இளகியபோது நார்வேயின் ரிலே அணிகள் பதக்கமில்லாமல் திரும்பின. ஆண்கள் நான்காவது, பெண்கள் ஐந்தாவது. ஸ்கீ சரியாக அமையவில்லை என்று நாடே மெழுகுக் குழுவைத் திட்டித் தீர்த்தது.

மெழுகு வல்லுநர்களைச் சுற்றி மந்திரவாதிகளுக்கான பிம்பம் ஒன்று இருக்கிறது. ரகசியப் பொடி, ரகசியக் கலவை என்று கதைகள் வேறு. நல்ல குழுக்கள் அந்தக் கதைகளை நம்புவதில்லை. ஒரே மாதிரியான இரண்டு ஜோடி ஸ்கீக்களில் வேறு வேறு மெழுகைப் பூசி, இருவர் அருகருகே இறக்கத்தில் சறுக்கி, பிறகு ஸ்கீயை மாற்றிக்கொண்டு மறுபடி சறுக்குவார்கள். எடையோ உடல்வாகோ முடிவைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். நம்பிக்கையைச் சோதிக்கிற இந்தப் பழக்கம் இன்னும் பல துறைகளுக்கு வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஒரே ஒரு பொடி மட்டும் நிஜமாகவே மந்திரம் போல வேலை செய்தது: ஃப்ளோரின் கலந்த வழுக்கு மெழுகு. ஈரம் கூடிய பனியில் தண்ணீர் ஸ்கீயை உறிஞ்சிப் பிடித்து வைக்கும். ஃப்ளோரின் சேர்மங்கள் தண்ணீரையும் அழுக்கையும் விலக்கிவிடுவதால் அந்த இழுவை குறைந்தது. ஆனால் இவை சுற்றுச்சூழலில் லேசில் சிதையாத பீஃபாஸ் (PFAS) என்ற வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தவை. மெழுகு உருக்கிப் புகையைச் சுவாசித்த தொழில்நுட்பர்களின் ரத்தத்தில் இவை மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தன. 2019-ல் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு தடையை அறிவித்தது. நம்பகமான சோதனைக் கருவி கிடைக்காமல் அது தள்ளிப்போய், 2023-24 பருவத்தில்தான் முழுமையாக அமலானது. இப்போது ஸ்கீயின் அடியில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, கார்பன்-ஃப்ளோரின் பிணைப்பு விழுங்கும் அலைநீளங்களைத் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தத் தடை பத்து வருடம் முன்பே வந்திருக்க வேண்டும். யாரோ இரண்டு நொடி முந்துவதற்காக இன்னொருவர் நுரையீரலைக் கொடுப்பதா?

கடைசியாக ஒரு சின்னச் சிக்கல். இத்தனை பாடுபட்டுச் செய்த பிடிமான மெழுகைச் சிலர் வேண்டாம் என்றே விட்டுவிட்டார்கள். கையில் வலு அதிகமிருந்தால், பிடித்திருக்கும் இரண்டு ஊன்றுகோல்களாலும் ஒரே நேரத்தில் தள்ளியே போகலாம், மெழுகின் இழுவையும் மிச்சம். சுவீடனின் 90 கிலோமீட்டர் ஓட்டமான வாசலோப்பெட்டில் முன்னணி வீரர்கள் இப்படித்தான் போகிறார்கள். கிளாசிக் என்ற முறையே காணாமல் போய்விடுமோ என்று பயந்து, கிளாசிக் போட்டிகளில் கோலின் நீளம் வீரரின் உயரத்தில் 83 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி வைத்தார்கள். சில ஏற்றங்களில் எல்லைக் கோடு போட்டு, அதற்குள் இரட்டைக் கோல் தள்ளலைத் தடையும் செய்தார்கள். அந்தக் கோட்டுக்குள் வந்தால் மெழுகில்லாதவர் வழுக்கியே தீர வேண்டும்.